முப்பத்தோராவது கோழி

அந்த வெள்ளைச் சட்டைக்காரர்களைச் சென்னியப்பன் தோட்டத்துக்குக் கூட்டிப்போனது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போகப்போக யார் யாரையோ திட்டப்போகிறேன். அப்போது என்னையும் அந்த வரிசையில் சேர்த்துக்கொள்ள மறந்துவிடாதீர்கள்.

எனக்கு ஊர் வாழப்பாடி. பேர் கலையரசன். சொந்தமாக ஒரு மினி லாரி வைத்திருக்கிறேன். ஆத்தூர் மண்டியில் மக்காச்சோளம் ஏற்றிக்கொண்டு போய் ராசிபுரம், புதுச்சத்திரம் பக்கத்துக் கோழிப்பண்ணைகளில் இறக்குவது ஒன்பது வருஷத் தொழில். பைபாஸில் காரில் போகிறவர்கள் புதுச்சத்திரம் வந்ததும் கண்ணாடியை ஏற்றிக்கொள்வார்கள். காலையில் ரெண்டு ஆம்லெட் தின்றுவிட்டுத்தான் ஏற்றுவார்கள். அந்த நாற்றம் எனக்குப் பழகிப்போனது. நான் சொல்ல வந்தது வேறு நாற்றம்.

சென்னியப்பனுக்கு ஐம்பத்து மூன்று வயது. ரெண்டு ஷெட்டில் ஆறாயிரம் முட்டைக்கோழி. இந்தத் தொழிலில் ஆறாயிரம் என்பது ஒன்றுமே இல்லை. லட்சக் கணக்கில் வைத்திருப்பவர்களுக்கு நடுவில் அவர் சுண்டைக்காய். சம்சாரம் வசந்தாமணி. ஒரே மகள் வித்யாவைக் கட்டிக்கொடுத்து பெங்களூருக்கு அனுப்பிவிட்டார்கள். ஷெட்டு வேலைக்குச் செங்கோடன் என்று ஒருத்தர். அவ்வளவுதான் அந்தத் தோட்டம்.

போன ஐப்பசியிலிருந்தே மக்காச்சோளத்துக்கு ஆலாய்ப் பறக்க வேண்டியிருந்தது. பெட்ரோலில் கலக்கச் சாராயம் காய்ச்சுகிறவர்கள் காட்டிலேயே வந்து கதிரோடு விலை பேசிவிடுகிறார்கள். மண்டியில் மூன்று நாள் வண்டியைப் போட்டுவிட்டுக் காத்திருந்து பாதி லோடு எடுத்து வந்திருக்கிறேன். அதை நாலு பண்ணைக்காரர்கள் பங்கு போட்டுக்கொள்வார்கள். கோழிக்கு இதெல்லாம் தெரியாது. ஒரு கோழி ஒரு நாளைக்கு நூற்றுப்பத்து கிராம் தின்னும். ஆறாயிரம் கோழிக்குப் பதின்மூன்று மூட்டை. ஞாயிற்றுக்கிழமையும் தின்னும், பொங்கலன்றும் தின்னும்.

பங்குனி கடைசியில் சென்னியப்பன் கோழிகளை மோல்டிங் போட்டார். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். முட்டை குறைந்துபோன கிழட்டுக்கோழிகளைப் பத்து நாள் தண்ணீர் மட்டும் கொடுத்துப் பட்டினி போடுவார்கள். உடம்பு வற்றும், இறகு கொட்டும். பிறகு கொஞ்சங் கொஞ்சமாகத் தீனி காட்டினால் புது இறகு முளைத்து மறுபடியும் ஆறேழு மாசத்துக்கு முட்டை வரும். கேட்கவே கூசுகிற காரியம்தான். ஆனால் தீவனம் கிடைக்காத காலத்தில் பத்து நாள் தீவனம் மிச்சம். புதுக்குஞ்சு வாங்க வழியில்லாதவனுக்கு வேறு என்ன இருக்கிறது?

நாலாவது நாள் பத்து மூட்டை கிளிஞ்சல் ஏற்றிக்கொண்டு போனேன். பட்டினியிலும் கிளிஞ்சல் கொஞ்சம் போடுவார்கள், எலும்பு நொறுங்காமல் இருக்க. தோட்டத்துக்குப் போகிற தடத்தின் முனையிலேயே வசந்தாமணி அக்கா வந்து நின்று கையைக் காட்டினார்.

"வண்டிய இங்கயே நிறுத்திருங்க தம்பி. உள்ள கொண்டாராதீங்க. வண்டிச் சத்தங் கேட்டா தீவனம் வருதுன்னு அதுக கத்துமுங்க. கேக்க முடியறதில்ல."

நானும் செங்கோடனும் மூட்டையைத் தலையில் வைத்துச் சுமந்தோம். என்ன பிரயோசனம்? ஷெட்டு வாசலில் என் நிழல் விழுந்ததுமே மூவாயிரம் கழுத்து ஒரே நேரத்தில் கம்பிக்கு வெளியே நீண்டது. கத்தல் இல்லை. நாலாம் நாளில் கத்துவதற்குச் சக்தி போயிருந்தது. தகரத் தொட்டியைக் கொத்துகிற சத்தம் மட்டும், டக்கு டக்கு டக்கென்று அந்தக் கோடிவரைக்கும். கீழே எருவின்மேல் வெள்ளை வெள்ளையாக இறகு. நான் கிளிஞ்சலைப் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வெளியே வந்தேன்.

சென்னியப்பன் ஷெட்டின் வெளிச்சுவரை ஒட்டிப் பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்திருந்தார். சட்டை அவர்மேல் தொங்கியது.

"என்னாண்ணா, இப்படி இளைச்சிட்ட?" என்றேன்.

"உங்கூர்ப் பேச்சக் கேட்டாத்தானுங்க எனக்குத் தெம்பு. ஒரு 'ங்க' போட்டா வாய் வலிக்குமாட்ட இருக்குது உங்களுக்கு."

"எங்க ஊர்ல நேரா பேசிருவோம்ணா. வேணும்னா வேணும், வேணாம்னா வேணாம்."

"அது நல்லதுதானுங்க. எங்களுக்கு வேண்டாம்னு சொல்றதுக்குள்ள விடிஞ்சுரும்." சிரித்தார். பல் மட்டும் பெரிதாகத் தெரிந்தது.

அந்த வீட்டில் யார் போனாலும் சாப்பிடாமல் அனுப்ப மாட்டார்கள். அன்றைக்கு அரிசிப்பருப்புச் சோறு. வசந்தாமணி அக்கா என் ஒருத்தனுக்கு மட்டும் தட்டு வைத்தார். சென்னியப்பன் எதிரில் ஒரு சொம்புத் தண்ணீரோடு உட்கார்ந்து, "இன்னுங் கொஞ்சம் போடு, நெய்ய ஊத்து" என்று எனக்கு உபசாரம் பண்ணிக்கொண்டிருந்தார்.

"நீ சாப்பிடலியாண்ணா?"

"ஆச்சுங்க" என்றார்.

அக்கா என்னைப் பார்க்கவில்லை. கை கழுவ எழுந்தபோது, "தம்பி, தீவன ரூம்புல ஒரு சாமான் எடுத்து வெக்கோணும், வாங்க" என்று கூப்பிட்டார். சாமான் எதுவும் இல்லை. சுவரில் ஓர் அட்டை மாட்டியிருந்தது. மோல்டிங் போட்டால் தினமும் காலையில் சிவப்புத்துணி கட்டிய பத்துக் கூண்டுகளில் இருக்கும் முப்பது கோழிகளை எடை போட்டுக் குறித்துவைப்பார்கள். எவ்வளவு வற்றியிருக்கிறது, எப்போது நிறுத்தலாம் என்று பார்ப்பதற்கு. ஒன்று, இரண்டு, மூன்று என்று முப்பதுவரை வரிசையாக எண். ஆயிரத்து ஐந்நூற்று எண்பது கிராம், ஆயிரத்து ஐந்நூறு, ஆயிரத்து நானூற்று முப்பது என்று இறங்கிக்கொண்டே வந்தது.

"கடசிய பாருங்க" என்றார்.

முப்பதுக்குக் கீழே இன்னொரு எண், அதே பென்சில், அதே கையெழுத்து. முப்பத்தொன்று. அதற்கு எதிரே அறுபத்து நாலு இருநூறு, அறுபத்து மூணு ஐந்நூறு, அறுபத்து ரெண்டு எழுநூறு, அறுபத்து ஒண்ணு தொள்ளாயிரம். பக்கத்தில் மூட்டை எடைபோடுகிற மிஷின்.

"எனக்கு மொதல்ல வெளங்கலீங்க. செங்கோடந்தான் ஏதோ மூட்டைக் கணக்கு எழுதியிருக்கறாருன்னு உட்டுட்டேன். நேத்துக் காலைல வந்து பாத்தா இவுங்க மிஷினு மேல ஏறி நிக்கறாங்க. அன்னிக்கித் தீவனத்த நிறுத்துன பொழுதுலருந்து ஒரு பருக்க வாய்ல வெக்கல தம்பி. தண்ணி மட்டுந்தான். அழுதாச்சு, சண்ட போட்டாச்சு. வித்யாளையும் போன்ல பேசச் சொன்னேன். அவகிட்ட 'இப்பத்தான் சாப்புட்டேன் சாமி'ங்கறாங்க."

"ஆசுபத்திரிக்கு இட்டுனு போலாம்கா."

"கூப்புட்டா வரோணுமுல்லங்க? கோழிக்குப் பத்து நாள்னு கணக்கு இருக்குது. இவுங்களுக்கு எத்தன நாள்னு யாருங்க சொல்லுவா?"

நான் சென்னியப்பனிடம் போய்க் கேட்டேன். சுற்றிவளைக்கத் தெரியாது எனக்கு. "என்னாத்துக்குண்ணா இந்தப் பட்டினி?"

"வேணும்னு இல்லீங்க. மொத நாள் உண்டுபோட்டு உள்ள போனேன். அதுக தொட்டியப் பாத்துச்சு. அப்பறம் என் வாயப் பாத்துச்சு. அதுக்கு மேல எறங்கல." பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, என்னைச் சமாதானப்படுத்துகிற மாதிரி, "எனக்கும் எறகு உதுந்து புதுசா மொளச்சா நல்லதுதானுங்களே" என்றார்.

இதைக் கேட்டுவிட்டு வந்து நான் சும்மா இருந்திருக்க வேண்டும். அல்லது அவரைத் தூக்கி வண்டியில் போட்டுக்கொண்டு நாமக்கல் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்க வேண்டும். ரெண்டையும் செய்யவில்லை.

மறுநாள் ஒரு வாடகைச் சவாரி வந்தது. தீவனத் தட்டுப்பாட்டில் மனசு ஒடிந்த விவசாயிகளுக்கு இலவசத் தீவனமும் மனநல ஆலோசனையும் கொடுக்கிறார்களாம். அமைப்பின் பேர் எதற்கு? அது போனால் இன்னொரு பேர் வைத்துக்கொண்டு இன்னொரு பேனரோடு வருவார்கள். தலைமை மோகன்குமார் என்பவர். முப்பத்தைந்து வயசு இருக்கும், வெள்ளை டி-ஷர்ட், நெஞ்சில் பச்சை இலை. நல்ல பேச்சு. ரொம்ப நல்ல பேச்சு.

"ரொம்பக் கஷ்டத்துல இருக்கிற ஒரு குடும்பம் வேணும் பிரதர். ஜெனியூனா இருக்கணும்."

கூட ஓர் ஆலோசகர் வருகிறார் என்றதும் எனக்கு ஆசை வந்துவிட்டது. படித்தவர்கள் பேசினால் மனுஷன் நாலு வாய் சாப்பிடுவார் என்று நினைத்துச் சென்னியப்பன் பேரைச் சொன்னேன். கோழி மோல்டிங்கில் இருப்பதையும், இன்னும் நாலைந்து நாள் தீனி காட்டக்கூடாது என்பதையும், அவர் சாப்பிடாமல் இருப்பதையும் சொன்னேன். மோகன்குமார் கண் விரிந்தது.

"கோழியும் பட்டினி, ஐயாவும் பட்டினியா?" என்று கேட்டு அதை மட்டும் போனில் குறித்துக்கொண்டார்.

எனக்கு அப்போதே அது பிடிக்கவில்லை. ஆனாலும் வாடகை பேசினேன்.

ஏழாவது நாள் காலையில் கொண்டப்பநாயக்கன்பட்டியில் ஒரு குடோனில் நாற்பது மூட்டை ஏற்றினோம். கதவைத் திறந்ததும் புளித்த வாடை வந்தது. மூட்டையைத் தூக்கினால் உள்ளே மாவு சரியவில்லை, பாளம் பாளமாக நகர்ந்தது. போன மழைக்கு ஒழுகிய தண்ணீரில் ஊறியிருக்கிறது. ஒரு தையலைப் பிரித்துக் கையை விட்டுப் பார்த்தேன். பச்சைப் பூசணம் நகத்தில் ஒட்டியது.

"சார், இது கட்டி தட்டியிருக்கு. பூத்துப்போயிருக்கு."

"மேல இருக்கிறதுதான் அப்படி. கோழிதானே பிரதர் சாப்பிடப்போகுது."

நான் ஏற்றினேன். கோழிதானே என்று எனக்கும் ஒரு நிமிஷம் தோன்றியது. அந்த ஒரு நிமிஷத்தைத்தான் இன்னும் என்னால் துப்ப முடியவில்லை.

தோட்டத்துக்குப் போனபோது வாசல் தெளித்துச் சுத்தமாக இருந்தது. முந்தின நாள் சாயங்காலம் போன் பண்ணி ஆட்கள் வருகிறார்கள் என்று சொல்லியிருந்தேன். வசந்தாமணி அக்கா பக்கத்துத் தோட்டத்தில் நாட்டுக்கோழி வாங்கி அடுப்பில் ஏற்றியிருந்தார். வந்தவர்கள் மூன்று பேர். மோகன்குமார், கேமராக்காரர், ஆலோசகர் சௌந்தர்யா. அந்தப் பெண்ணுக்கு இருபத்து நாலு வயசு இருந்தால் அதிகம். மூக்கில் துப்பட்டாவை அழுத்திக்கொண்டே காரிலிருந்து இறங்கியது.

சென்னியப்பன் வேஷ்டி மாற்றித் தலை சீவி நின்றிருந்தார். கை கூப்பினார். "வாங்க, வாங்க. வெயில்ல அலஞ்சு வந்திருக்கறீங்க. மோரு குடிங்க."

மோர் வந்தது. கேமராக்காரர் தம்ளரை வாங்கி மோந்து பார்த்துவிட்டு மதில்மேல் வைத்தார்.

சௌந்தர்யா ஒரு தாளை எடுத்து வாசித்தது. "ஐயா, கடந்த ரெண்டு வாரத்தில உங்க தூக்கம் எப்படி? ஒன்றிலிருந்து ஐந்துக்குள்ள சொல்லுங்க."

"பரவால்லீங்க கண்ணு."

"நம்பர் சொல்லணும் ஐயா. பசி எப்படி?"

"நீங்களே நல்லதா ஒண்ணு போட்டுக்குங்க சாமி."

அது நல்லதாக ஒன்று போட்டுக்கொண்டது. பிறகு மூச்சுப்பயிற்சி. "ஆழமா மூச்சை உள்ள இழுங்க ஐயா, நல்ல எண்ணங்களை உள்ள வாங்குங்க" என்று துப்பட்டாவுக்குள்ளிருந்து சொன்னது. ஆறாயிரம் கோழியின் எருவுக்குப் பக்கத்தில் நின்று அவர் இழுத்தார், வந்தவர்கள் மனசு நோகக் கூடாது என்பதற்காக. அந்தப் பெண்ணைச் சொல்லிக் குற்றமில்லை. அதன் கையில் தாளைக் கொடுத்தவன்தான் முன்னால் நின்று, "லைட் நல்லா இருக்கு, சீக்கிரம்" என்று சொல்லிக்கொண்டிருந்தானே.

"இப்ப தீவனம் போடுற ஷாட்" என்றார் மோகன்குமார்.

சென்னியப்பன் முகம் மாறியது. "தீவனங்களா? அது வந்துங்க, எறக்கி வெச்சிட்டுப் போங்க. இன்னும் மூணு நாளு பாக்கி இருக்குதுங்க."

"ஐயா, பசிச்ச கோழி சாப்பிடுறதுதான் ஐயா ஹைலைட். ஜனங்களுக்கு அதுதான் மனசைத் தொடும்."

"இல்லீங்க, இப்பத் திடீர்னு போட்டா…"

"ஒண்ணும் ஆகாது. நாங்க இருக்கோம்ல, தைரியமா இருங்க" என்று தோளில் கை போட்டார். கேமரா அந்தக் கையை எடுத்தது.

அப்போது சென்னியப்பன் என்னைப் பார்த்தார். எனக்கு இப்போதும் அந்தப் பார்வை அச்சாக நினைவிருக்கிறது. வேறு ஒன்றும் இல்லை. உன் ஊர் வாயால் ஒரு தடவை 'வேணாம்' என்று சொல்லு, நான் சொல்ல முடியாது, என் வீட்டுக்கு வந்தவர்கள். அவ்வளவுதான். மூன்று நாள் முன்னால்தான் அவரிடம் பீற்றிக்கொண்டேன், எங்கள் ஊரில் நேராகப் பேசிவிடுவோம் என்று. நான் குனிந்து மூட்டைக் கயிற்றின் முடிச்சைப் பார்த்தேன்.

"சரிங்க, வந்தவங்க ஆசப்பட்டுட்டீங்க" என்று சொல்லிவிட்டு அவரே முதல் மூட்டையின் தையலைப் பிரித்தார்.

மோகன்குமார் ரெண்டு சட்டி அள்ளிப் போட்டார். அதோடு நிறுத்தியிருந்தால்கூடத் தொலைகிறது. தொட்டி முழுக்க இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரைக்கும் நிறைந்திருந்தால்தான் படம் நன்றாக வருமாம். முதல் ஷெட்டில் இருபது மூட்டை கொட்டினோம். கொட்டினோம் என்ன, கொட்டினேன். செங்கோடன் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். மூன்று நாள் தீவனம் ஒரே வேளைக்கு. ஏழு நாள் பட்டினி கிடந்த மூவாயிரம் கோழி அந்தப் புளித்த கட்டியில் தலையைப் புதைத்த சத்தம் இருக்கிறதே, அதைக் கேட்டு அந்த ஆள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எமோஷனலா இருக்கு" என்றார்.

சென்னியப்பனை அந்தப்பக்கம் இந்தப்பக்கம் நகரவிடவில்லை. வேப்பமரத்தடியில் நிறுத்தி நன்றி சொல்ல வைத்தார்கள். நாலு தடவை சொன்னார். முதல் மூன்றிலும் சிரிப்பு சரியாக வரவில்லையாம்.

"சாப்புட்டுப் போலாமுங்க, எல தயாரா இருக்குது" என்று வசந்தாமணி அக்கா வந்து கூப்பிட்டார்.

"பைபாஸ்ல சாப்பிட்டுக்கிறோம்மா, டைம் இல்ல" என்று கிளம்பினார்கள். அவர்கள் காரில் ஏறும்போது கேமராக்காரர் சொன்னது என் காதில் விழுந்தது: "அந்த ஈயைப் பாத்தியா?" அக்கா காதிலும் விழுந்திருக்கும். அவர் தடம் வரைக்கும் போய், "போயிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டுத்தான் திரும்பினார்.

கார் மறைந்ததும் நாலு பேரும் ஷெட்டுக்குள் ஓடினோம். தொட்டியில் மிச்சமிருந்ததைக் கையால் வழித்து வெளியே எறிந்தோம். கோழிகள் எங்கள் கையைக் கொத்தின. ஆனால் அதற்குள் ஒவ்வொன்றின் கழுத்துக்கடியிலும் இரைப்பை எலுமிச்சம்பழம் அளவுக்கு உப்பியிருந்தது. சென்னியப்பன் ஒரு கோழியின் கழுத்தைத் தடவிப் பார்த்தார். கூண்டில் திரும்பவைத்து நீவிவிட்டார்.

மறுநாள் விடிந்ததும் அக்கா கூப்பிட்டார். போய்ச் சேரும்போது எட்டரை மணி. செத்த கோழிகளைச் செங்கோடன் காலைப் பிடித்து இழுத்துத் தள்ளுவண்டியில் போட்டுக்கொண்டிருந்தார். வாயில் பச்சை நுரை. இரைப்பை உள்ளேயே ஊறி இறுகிக் கல்லாக இருந்தது. ஒன்றை நான் தூக்கியபோது அலகு திறந்து அந்தக் குடோன் வாடை அப்படியே என் முகத்தில் அடித்தது. ஓரமாகப் போய் வாந்தி எடுத்தேன்.

எட்டாம் நாளும் ஒன்பதாம் நாளும் இதே வேலை. மொத்தம் அறுநூற்று நாற்பது. குழி வெட்டி, அடுக்கி, சுண்ணாம்பு போட்டு மூடினோம். வெயிலுக்கு அது உப்புகிறதும், ஈ மொய்க்கிறதும், சுண்ணாம்பும் கோழியும் சேர்ந்து ஒரு வாடையும், போதும், இதற்குமேல் எழுதவில்லை. குழி மேட்டில் நின்று அக்காவிடம் சொல்லிவிட்டேன்.

"அவனுங்களுக்கு உங்க ஊட்டச் சொன்னது நாந்தான்கா. தீவனம் பூத்துக் கெடந்ததும் எனக்குத் தெரியும். மோந்து பாத்துட்டுத்தான் ஏத்தினேன்."

அவர் முந்தானையால் மூக்கை மூடியிருந்தார். "தெரியுமுங்க தம்பி. மூட்டை எறக்கறப்பவே உங்க முகத்தப் பாத்தேன்" என்றார். திட்டுவார் என்று நின்றேன். "வெயில்ல நிக்காதீங்க, அக்கட்டால நெழலுக்கு வாங்க" என்றார். அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அந்த நேரம் பார்த்து மோகன்குமார் போன்.

"பிரதர், வீடியோ ரெண்டு லட்சம் பேர் பாத்துட்டாங்க. ஒரு சின்ன ஃபீட்பேக் வேணும். முகாமுக்கு முன்னாடி ஐயா மனநிலை எத்தனை, இப்ப எத்தனை, பத்துக்கு."

"அறுநூத்தி நாப்பது" என்றேன்.

"பத்துக்குள்ள சொல்லுங்க பிரதர்."

அதற்கு நான் சொன்னதை இங்கே எழுத முடியாது. எங்கள் ஊர் வாய் அப்போதுதான் திறந்தது. ரெண்டு நாள் கழித்துத் திறந்த வாயால் யாருக்கு என்ன பிரயோசனம்?

பேசி முடிக்கும்போது குழிக்கு அந்தப்பக்கம் சென்னியப்பன் மண்வெட்டியைப் பிடித்தபடியே மடங்கி விழுந்தார். இந்தத் தடவை நான் யாரையும் கேட்கவில்லை. தூக்கி வண்டியில் போட்டேன். காகிதம் மாதிரி இருந்தார். நாமக்கல்லில் டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, ஒரு பாட்டில் ஏற்றி, ஏதோ ஊசிகளும் போட்டு, அக்காவைத்தான் சத்தம் போட்டார். "ஒன்பது நாளா என்னம்மா பண்ணிட்டிருந்தீங்க? நாளைக்கு மறுபடி கூட்டிட்டு வாங்க. சோறு ஆரம்பிங்க. ஆனா பாத்து, கொஞ்சங் கொஞ்சமாத்தான் கூட்டணும். பசிச்சவன்னு ஒரேயடியாப் போட்டா உயிருக்கே ஆபத்து, தெரியுமா?"

"தெரியுமுங்க" என்றார் அக்கா.

அன்று ராத்திரியும் சென்னியப்பன் சாப்பிடவில்லை.

பத்தாவது நாள் காலையில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வண்டியோடு போனேன். தடத்து முனையில் நிறுத்தப் போனால், செங்கோடன் உள்ளே வரச்சொல்லிக் கை காட்டினார். இன்றைக்குத் தீனி காட்டுகிற நாள். இதற்கென்றே சென்னியப்பன் ஆரம்பத்திலேயே எட்டு மூட்டை மக்காச்சோளக் குருணை எடுத்துத் தனியாகப் பூட்டிவைத்திருந்தார். கோழிகளின் கத்தலில் தூக்கம் வராத ராத்திரிகளில்கூட அந்தப் பூட்டை அவர் தொட்டதில்லை.

அவரால் நிற்க முடியவில்லை. தீவன ரூம் வாசலில் சேர் போட்டு உட்கார்ந்துகொண்டு, ஒரு பால் டப்பாவை வெட்டிச் செய்த அளவு டப்பாவில் குருணையை அள்ளி, தராசில் வைத்துப் பார்த்து, ஆணியால் உள்ளே கோடு கிழித்தார். "ஒரு கோழிக்கு முப்பது கிராம். ஒரு கூண்டுக்கு மூணு டப்பா. கோட்டுக்கு மேல ஒரு மணி போகக் கூடாதுங்க. நாளைக்கி நாப்பது." செங்கோடனும் நானும் அக்காவும் ரெண்டு ஷெட்டிலும் கூண்டு கூண்டாகப் போட்டோம். முதல் ஷெட்டில் நடுநடுவே கூண்டுகள் காலியாகக் கிடந்தன. மிச்சமிருந்தவை அந்த முப்பது கிராமை ஒரு நிமிஷத்தில் தின்றுவிட்டுக் காலித் தொட்டியைக் கொத்தின. மேற்கொண்டு போடச்சொல்லி எங்களைப் பார்த்தன. யாரும் போடவில்லை.

வேலை முடிந்ததும் அக்கா என் கையிலிருந்த அளவு டப்பாவை வாங்கினார். சாம்பல் போட்டு மூன்று தடவை கழுவினார். அடுப்படிக்குள் போய்த் திரும்பி வந்தபோது அதில் குழைந்த சோறும் மோரும் இருந்தது, உள்ளே கிழித்திருந்த கோடுவரைக்கும். சேருக்குப் பக்கத்தில் தராசின்மேல் வைத்தார்.

"பாத்துக்குங்க. ஒரு பருக்க அதிகம் இல்ல."

சென்னியப்பன் டப்பாவைப் பார்த்தார். பிறகு சுவரில் அட்டையைப் பார்த்தார். அன்றைக்குக் காலைக்கான எடைகள் முப்பது கோழிக்கும் எழுதியிருந்தது. கீழே முப்பத்தொன்றுக்கு எதிரே ஐம்பத்து ஆறு எண்ணூறு. அது அவர் கையெழுத்து இல்லை. அக்காவுடையது. அவரை மிஷினில் ஏற்றி நிறுத்தி எடைபோட்டு அக்காவே எழுதியிருக்கிறார்.

"அதுகளுக்குப் போட்டாச்சுங்க. எல்லாத்துக்கும் போட்டாச்சு. முப்பத்தொண்ணுதான் பாக்கி" என்றார் அக்கா. குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "கணக்கு உங்களுதுதானுங்களே. நாளைக்கி நாப்பது."

ஷெட்டில் தொட்டியைக் கொத்தும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. சென்னியப்பன் ரெண்டு விரலால் கொஞ்சம் எடுத்து வாயில் வைத்தார். மென்றார். விழுங்கும்போது கழுத்து நரம்பு புடைத்தது. மறுபடி எடுத்தார். நான்கு வாயில் டப்பா காலி. அடியை வழித்துவிட்டு, "நாளைக்கி நாப்பதா?" என்று கேட்டார்.

"நாப்பதுங்க" என்றார் அக்கா.

பிறகு என் பக்கம் திரும்பி, "வாங்க தம்பி, நீங்களும் உண்டுபோட்டு அப்பறம் ஆஸ்பத்திரிக்குப் போலாம்" என்றார். நான் கையைக் கழுவினேன். மூன்று தடவை சோப்புப் போட்டேன். மோந்து பார்த்தேன். குழி வாடை அப்படியே இருந்தது. நகக்கண்ணில், விரலிடுக்கில், எல்லாவற்றிலும்.

தட்டு நிறையச் சோறு வைத்திருந்தார். குவித்து வைத்திருந்தார். தட்டப்பயிற்றுக் குழம்பு, ஓரத்தில் பொரியல், கவிழ்த்துவிட்ட மாதிரி நெய். நான் கொஞ்சம் குறைத்துக்கொள்ளக் கையை நீட்டினேன்.

"நெறைய உண்ணோணுமுங்க. நீங்க பட்டினி கெடக்கலியே" என்றார் வசந்தாமணி அக்கா. உபசாரமாகத்தான் சொன்னார். மரியாதை ஒரு சொட்டும் குறையவில்லை.

அந்தக் கையாலேயே பிசைந்து தின்றேன். ஒவ்வொரு கவளமும் வாய்க்குப் பக்கத்தில் வரும்போது அந்த வாடை முதலில் வந்தது. சேரில் உட்கார்ந்தபடி சென்னியப்பன் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். தட்டு காலியானதும் அக்கா கரண்டியோடு குனிந்து இன்னொரு தடவை குவித்துப் போட்டார். வேணாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.